நாகேஸ்வரன் நீக்கிய எண்

அத்தியாயம் பதினேழு

கடிதத்தை மூன்றாம் முறை படித்தபோதுதான் சூடாமணிக்கு அந்த டம்ளர் கண்ணில் பட்டது.

‘கையில் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத அளவுக்கு என் கணவருக்கு நடுக்கம் இருந்தது’ என்று மலையாளத்தில் அழகாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். கீழே அவள் பெயர். பெயருக்கு மேலே கையெழுத்துக்காக விட்ட இடம்.

அந்த வார்த்தை அவளுடையது. போன வருஷம் ஆஸ்பத்திரி வார்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆற்றாமையில் கணவருடைய டைரக்டர் ஞானசிகாமணியிடம் அவள் சொன்னது. “ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியலை, சார்.” அவர் அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே மனசில் எழுதிவைத்துக்கொண்டிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

வாசலில் அஜீஷ் மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தான். அவள் கணவர் நாகேஸ்வரன் வேலை பார்த்த நிலையத்தின் அலுவலக உதவியாளன். நாகேஸ்வரன் காரியத்தின்போது பந்தல்காரனோடு சண்டை போட்டு இரண்டு விசிறி கூடுதலாக வாங்கித் தந்தவன்.

“ஒரு ஒப்பு போட்டாப் போதும், மாமீ. நான் இப்பவே கொண்டுபோயிடுவேன்.”

“யாரு கொண்டுவரச் சொன்னா?”

“டைரக்டர் சார்.”

“அவர்கிட்டப் போய்ச் சொல்லு. மாமியே நேர்ல வரான்னு.”

“நல்ல மழையாக்கும் மாமீ.”

“தெரியறது. நானும் இந்த ஊர்லதான் இருக்கேன்.”

அவன் தலையைச் சொறிந்தான். “மாமீ, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, கேட்டோ. கவர் தந்தா, கொண்டுவந்தேன்.” அவன் பைக் வலியசாலைத் தெருவின் திருப்பத்தில் மறையும்வரை சூடாமணி கடிதத்தை மடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாகேஸ்வரன் போய் எட்டு மாதம் ஆகிறது. உணவில் கலந்திருக்கும் நஞ்சை அளக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு அளவுகோல் செய்து கொடுப்பதுதான் அவருடைய வேலை. அவர் கடைசியாகச் செய்தது கண்ணங்காய்ப் பொடி. இந்த ஊரில் ஆறு மாதக் குழந்தைக்கு முதலில் காய்ச்சிக் கொடுக்கிற அதே வாழைக்காய்ப் பொடிதான். அதில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று உறுதிசெய்து, நானூறு சின்னக் குப்பிகளில் அடைத்து, சான்றிதழோடு அனுப்பினார். எந்த ஆய்வுக்கூடமும் கடைப் பாக்கெட்டை அளப்பதற்கு முன்னால் இந்தக் குப்பியை அளக்கவேண்டும். சான்றிதழில் உள்ள எண் வந்தால் கருவி நிஜம் பேசுகிறது என்று அர்த்தம். வராவிட்டால் அன்றைக்கு அளந்ததெல்லாம் குப்பை.

அரசாங்க ஆய்வுக்கூடம் அப்படித்தான் செய்தது. குப்பி சரியான எண்ணைக் காட்டியது. பிறகு ஒரு பெரிய கம்பெனியின் கண்ணங்காய்ப் பொடியை அளந்தார்கள். அதில் ஈயம், குழந்தை வாயில் வைக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. போன வாரம் பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து எடுத்துப்போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இப்போது கம்பெனி சொல்கிறது: எங்கள் பொடி நல்ல பொடி, உங்கள் குப்பிதான் தப்பு.

குப்பி விழுந்தால் அந்த ரிப்போர்ட்டும் விழும். பாக்கெட்டுகள் மறுபடி கடைக்கு வரும்.

“என்னம்மா அது?” ஈரத் தலையில் துண்டோடு சுப்ரியா வந்தாள். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பசங்களோடு மாரடித்துக்கொண்டிருப்பவள். அப்பாவின் நிலையத்தில் ஆசிரித நியமனத்துக்கு, அதாவது இறந்துபோன ஊழியரின் வாரிசுக்குத் தரும் வேலைக்கு, அவள் மனு கொடுத்து ஆறு மாதமாகிறது. ஃபைல் ஞானசிகாமணியின் மேஜைமேல் இருக்கிறது.

அவள் கடிதத்தை நின்றபடியே படித்தாள். முகம் சிவந்தது.

“‘அக்காலத்தில் அவர் செய்த அளவீடுகளில் பிழை நேர்ந்திருக்கலாம் என்று அறிகிறேன்.’ நீ எப்போம்மா அறிஞ்சே?”

“இப்பத்தான். இதைப் படிச்சப்பறம்.”

சிரிக்க வேண்டிய இடம்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

சூடாமணி புடவை மாற்றிக்கொண்டிருக்கும்போது மகன் கௌசிக் போனில் கூப்பிட்டான். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கல்யாணமானதிலிருந்து அங்கேயே ஃப்ளாட். வாரத்துக்கு ஒருதரம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறவன், புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான்.

“அம்மா, அஜீஷ் வந்தானா? போட்டுக் குடுத்துடு.”

“உனக்கெப்படித் தெரியும் அவன் வந்தது?”

“ஞானசிகாமணி அங்கிள் பேசினார். லெட்டர்ல பொய் ஒண்ணும் இல்லையேம்மா. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நிஜம். கை நடுங்கித்து, நிஜம். ‘பிழை நேர்ந்திருக்கலாம்’னுதானே போட்டிருக்கு. நேர்ந்ததுன்னு போடலையே.”

“நெசத்தையெல்லாம் அடுக்கிவச்சு அதுமேல ஒரு பொய்யை உட்கார்த்தியிருக்கா. உனக்குத் தெரியலையா?”

“அப்பாவுக்கு இனிமே ஒரு நஷ்டமும் இல்லைம்மா. சுப்ரியாக்கு வேலை கிடைக்கும். நீ அங்கயெல்லாம் போகாதே. நான் பாத்துக்கறேன்.”

“எட்டு மாசமா நீ பாத்துண்டதை நானும் பாத்துண்டுதான் இருக்கேன்” என்று அவள் போனை வைத்தாள்.

இரண்டு பேரும் ஆட்டோவில் கிளம்பினார்கள். கிள்ளிப்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. பிளாஸ்டிக் திரையை மீறி மழை முழங்காலில் அடித்தது. பூஜப்புரை தாண்டியதும் சுப்ரியா சொன்னாள்.

“எனக்கு அந்த வேலை வேணும்மா. உன்கிட்ட மறைக்க மாட்டேன்.”

“தெரியும்.”

“அப்பா இருந்த லேப். பொடி கலக்கற அந்தப் பெரிய டிரம் மிக்ஸர் இருக்கே, அதைப் பார்க்கும்போதெல்லாம்...” அவள் நிறுத்தினாள். “டியூஷன்ல ஒரு பையன் நேத்திக்குக் கேட்கறான், டீச்சர், நீங்க ஏன் இன்னும் இங்க இருக்கேள்னு.”

சூடாமணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவும் இல்லை, போடுவேன் என்று சொல்லவும் இல்லை. அவளுக்கே அப்போது தெரியாது. அந்த மனிதர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

திருமலைக்கு அப்பால் மேட்டில் இருக்கிறது நிலையம். ஞானசிகாமணி வாசல்வரை வந்து வரவேற்றார். பாறசாலைப் பக்கத்துக்காரர். நாகேஸ்வரனோடு இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு அச்சப்பம் வலியசாலைக்கு வரும். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பாறசாலைக்குப் போகும்.

“சிஸ்டர், இந்த மழையில நீங்க எதுக்கு வந்தீங்க? வா மக்ளே. சாயா சொல்லுதேன்.”

“சாயா வேண்டாம் சார். டம்ளரைப் பிடிக்க முடியாது.”

அழைப்பு மணிக்குப் போன அவர் கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

“கோவப்படாதீங்க சிஸ்டர். மேலருந்து என்னைப் போட்டு நெருக்குதாங்க. கம்பெனிக்காரன் அவன் லேப்ல நம்ம குப்பியை அளந்திருக்கான். நம்ம சான்றிதழ்ல ஈயம் 0.42. அவனுக்கு வந்தது 0.36. மூணு குப்பி பாத்தாச்சு, மூணும் 0.36. நான் என்ன செய்யது? குப்பியை வாபஸ் வாங்கணும்னா ஒரு காரணம் எழுதணும்லா?”

“அந்தக் காரணம் எங்காத்து மனுஷனா?”

“அவருக்கு இனி ஒரு தோஷமும் வராது சிஸ்டர். உயிரோட இருக்கவனைச் சொன்னா அவன் வேலை போவும்.”

இதை அவர் கருணையாகவே சொன்னார். அதுதான் சூடாமணிக்குப் பொறுக்கவில்லை. செத்தவன் முதுகு அகலம், எல்லாரும் ஏறி நின்றுகொள்ளலாம் என்று இந்த மனிதர் முடிவுசெய்து, அதற்கு ஒரு பாவமன்னிப்பும் தானே கொடுத்துக்கொண்டுவிட்டார்.

சுப்ரியா மேஜைமேல் இருந்த கம்பெனியின் புகாரை இழுத்துப் புரட்டினாள்.

“அங்கிள், அவா பொடியை உலர்த்தினாளா?”

“என்னது?”

“சான்றிதழ் ரெண்டாம் பக்கத்துல அப்பா எழுதியிருக்கார். 0.42ங்கறது காஞ்ச பொடிக்குன்னு. கொஞ்சம் பொடியைத் தனியா எடுத்து, அடுப்பில வச்சு, எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாத்துக் கழிக்கணும். இவா ரிப்போர்ட்ல தண்ணிங்கற பேச்சே இல்லை. இந்த மழையில கண்ணங்காய்ப் பொடி டப்பாவைத் திறந்து வச்சா என்ன ஆகும்னு எங்க தெருவுல பிள்ளை பெத்த யாரைக் கேட்டாலும் சொல்லுவா. கட்டியாப் போயிடும். நூறு கிராம்ல பதினாலு கிராம் தண்ணி ஏறினா 0.42 எவ்வளவாகும்? நீங்களே கணக்குப் போடுங்கோ.”

அவர் போடவில்லை. போடாமலே தெரிந்திருந்தது. 0.36.

“அவா ரெண்டாம் பக்கத்தைத் திருப்பலை. அவ்வளவுதான் விஷயம். அதுக்கு எங்கப்பா கை நடுங்கணுமா?”

“அதைச் சொன்னா அவன் ஒத்துக்க மாட்டான் மக்ளே. கோர்ட்டுக்குப் போவான். வருஷக்கணக்கா இழுக்கும்.” ஞானசிகாமணி அவள் கையிலிருந்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ள எழுந்து, ஏனோ அதைக் கேட்காமலே உட்கார்ந்தார்.

இப்போது சூடாமணி தன் கேள்வியைக் கேட்டாள்.

“சார், அந்த 0.42 யார் அளந்தது?”

அவர் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“பத்து ஆய்வுக்கூடம். பம்பாய், மைசூர், எங்கெங்கயோ. எல்லாருக்கும் குப்பி அனுப்பினார். முடிவை மெயில்ல அனுப்பாதீங்கோ, கவர்ல ஒட்டி அனுப்புங்கோன்னு பிடிவாதம் பிடிச்சார். நீங்களே கேலி பண்ணினேள், ‘நாகேஸ்வரன் சார், என்ன லாட்டரியா?’ன்னு. பத்துல ஒண்ணு நம்ம கூடம். ஏழாம் நம்பர். அதை அளந்தது அவர். கவரெல்லாம் வந்து சேர்ந்தப்போ அவர் எழுந்திருக்க முடியாமக் கிடந்தார். ஒரு கவரையும் பிரிக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். ‘ஏழாம் கூடத்தின் முடிவைச் சேர்க்கவேண்டாம். அளந்தவன் கை இப்போது நம்பத்தக்கதல்ல.’ ஏன்னா, மத்தவா நம்பரைப் பாத்தப்பறம் நீக்கினா, பிடிக்காததை நீக்கின மாதிரி ஆயிடுமாம். அதுக்காகப் பிரிக்கறதுக்கு முன்னாடி.”

அன்றைக்கு அவள் அழுதாள். இருபத்தெட்டு வருஷம் எடை பார்த்த கையை அவரே நம்பத்தக்கதல்ல என்று சொல்லி எழுத வைத்ததற்காக. அவர் அழவில்லை. “என்னடீ, என் ஒரு நம்பர் போனா என்ன, ஒன்பது இருக்கே” என்றார். பிறகு அவள் ஒவ்வொரு கவராகப் பிரித்து எண்ணைச் சத்தமாக வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், சாயங்காலம் பாட்டுக் கச்சேரி கேட்கிற மாதிரி.

“ஒன்பது ஊர்ல, அவரைப் பாத்தே இராத ஒன்பது பேர் அளந்தது அது” என்றாள் சூடாமணி. “அவர் கை அதுல இல்லவே இல்லை. நடுங்கறதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே அந்தக் கையை எடுத்துட்டார். எடுக்காதவா இந்த ஆபீஸ்ல யார் யாருன்னு நான் கேட்க வரலை. அந்தக் குறிப்புல அவர் கையெழுத்துக்குக் கீழ அன்னிக்குச் சாயங்காலம் நீங்களும் கையெழுத்துப் போட்டேள். என் கட்டில்ல உட்கார்ந்துண்டு. அதை எடுத்துக் காட்டுங்கோ. கம்பெனிக்காரன் வாயை மூடிண்டு போவான்.”

வெளியே மழை சட்டென்று ஓங்கி அடித்தது. ஞானசிகாமணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அப்படி ஒரு பேப்பர் ஃபைல்ல இல்ல சிஸ்டர்.”

“இல்லையா?”

“இல்ல.”

“போட்டது நினைவிருக்கா?”

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அஜீஷ் கொண்டுவந்த அதே கடிதம். அதே டம்ளர். கீழே வேறு பெயர், கையெழுத்தோடு. கௌசிக்.

“உங்க மகன் போட்டாச்சு. அவரும் வாரிசுதானே? நீங்களும் போட்டா முடிஞ்சுது. பாப்பாக்க ஃபைலை இன்னைக்கே நான் நகத்துதேன். கர்த்தர் மேல ஆணையாட்டு.”

சூடாமணி குனிந்து பார்த்தாள். அந்தக் கையெழுத்தின் முதல் எழுத்தில் ஒரு சுழி இருக்கும். மூன்றாம் வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகி, அப்பாவிடம் காட்டி, அப்பாவும் ‘பேஷ்’ என்ற சுழி.

சுப்ரியா தாளை எடுத்துப் பார்த்தாள். முகத்துக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தாள். கம்பெனியின் புகாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டையும் வைத்துவிட்டாள்.

“நல்லது” என்று சூடாமணி எழுந்தாள். “ஆணையெல்லாம் வேண்டாம் சார். தபால் பிரிவு எந்தப் பக்கம்?”

தபால் பிரிவில் ராஜஸ்ரீ என்ற பெண் இருந்தாள். நெற்றியில் சந்தனக் கீற்று, மேஜையில் பாதி சாப்பிட்ட இட்லி. சூடாமணியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள்.

“நாகேஸ்வரன் சாரோட மாமி இல்லையா? உட்காரணும் மாமி.”

“ஒரு வெள்ளைத் தாள் வேணும் குழந்தை.”

பள்ளிக்கூட நூலகத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தவள், எழுதத் தயங்கியதில்லை. மலையாளத்திலேயே எழுதினாள். பத்து கூடங்கள், ஒட்டிய கவர்கள், ஏழாம் எண், தன் கையால் தான் எழுதிய குறிப்பு, அதில் போட்ட இரண்டு கையெழுத்துகள் யாருடையவை, எந்த நாள், எந்த அறை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பாத ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சுப்ரியா சொல்லச் சொல்ல ஒரு பத்தி. அரசாங்க ஆய்வுக்கூடத்துக்கும் பிரதி என்று கீழே குறித்தாள்.

ராஜஸ்ரீ படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மாமி, ஒரு காரியம் பறையட்டே? மோன் தந்த கடிதம் டைரக்டர் சார்கிட்ட இருக்கு. அதைப் பத்தி ஒண்ணும் எழுதாம இது மட்டும் போனா, ரெண்டும் ரெண்டு விதமா இருக்குன்னு சொல்லி ரெண்டையும் தள்ளிடுவா. அது சரியா தப்பான்னு மாமி இதுல எழுதணும்.”

பேனா தாளின்மேல் நின்றது.

கணவரின் பெயரைக் காப்பாற்றப் புறப்பட்டு வந்தவள் அவள். அதற்குப் பெற்ற பிள்ளையின் பெயரை எழுதி, அவன் சொன்னது பொய் என்று முத்திரை வாங்கவேண்டும் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் ஆட்டோ ஏறியிருப்பாளா? சுப்ரியா பக்கத்தில் நின்றாள். எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி இந்நேரம் கிண்ணத்தில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருப்பாள். கடைக்குத் திரும்பி வரப்போகும் பாக்கெட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

‘என் மகன் கௌசிக் எழுதிக் கொடுத்திருப்பது உண்மைக்கு மாறானது. கவர்களைப் பிரித்தபோது அவன் வீட்டில் இல்லை. நான் இருந்தேன்.’

“மணியும் போடு” என்றாள். ராஜஸ்ரீ முத்திரை குத்தி, பன்னிரண்டு பத்து என்று எழுதி, பிரதியைத் தந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் சுப்ரியா சொன்னாள். “இனி என் ஃபைல் நகராது.”

“நகராது.”

“ஷரி. அந்தப் பையன்கிட்ட வேற பதில் யோசிச்சுக்கறேன்.” அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா, நீ ஒண்ணு கவனிச்சயா? கம்பெனி புகார் எழுதினது பதினாறாம் தேதி. அண்ணா கையெழுத்துக்குக் கீழ போட்டிருக்கறது பன்னிரண்டு.”

சூடாமணி நின்றாள்.

“புகாரே வராத அன்னிக்கு, இந்தப் புகாருக்கு அண்ணா எப்படிப் பதில் எழுதிக் குடுத்தான்?”

போன் அடித்தது. கௌசிக்தான். டைரக்டர் அறையிலிருந்து அதற்குள் செய்தி கழக்கூட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது.

“அம்மா, என்னைப் பொய்யன்னு எழுதிக் குடுத்துட்டயா? என்னையா?” அவன் குரல் உடைந்திருந்தது.

“கௌசிக், பன்னிரண்டாம் தேதி உன்கிட்ட யாரு வந்தா?”

மறுமுனையில் ஹைவேயின் லாரி இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் இறங்கியது.

“நான்... ஆத்துக்கு வந்து சொல்றேம்மா.”

“வந்து சொல்லவேண்டாம்” என்றாள் சூடாமணி. “எழுதிக் கொண்டுவா. தபால் பிரிவு அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்குமாம். நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்.”